இயந்திரத்துக்குப் பூசை, ஆளுக்குப் பெயரில்லை

2016இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ வெளிவந்ததிலிருந்து எங்கள் வயதுக்காரர்களுக்குள் ஒரு பக்தி இயக்கம் வளர்ந்து வருகிறது. அதன் தெய்வம் பழைய அனலொக் சிந்தசைசர். கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்துகள் மெல்ல வந்து பொருந்த, அடியில் அதே சில சுரங்கள் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருக்கும் அந்தத் தொடக்கத்தை ஸ்கிப் பண்ணாமல் பார்க்கிற ஆட்கள்தான் நாங்களும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல இசை அது. கைல் டிக்சனும் மைக்கல் ஸ்டைனும் அதற்காக 2017இல் எமி விருது வாங்கினார்கள். வாங்க வேண்டியவர்கள்தான்.

எங்களுடைய பிரச்சினை அந்த இசைக்குப் பின்னால் சொல்லப்படுகிற வரலாற்றோடு. விண்வெளியும் வேற்றுக்கிரகமும் வருகிற பழைய தொலைக்காட்சித் தொடர்களின் இசை பற்றி யாராவது கதைக்கத் தொடங்கினால் உடனே மொடல் இலக்கங்கள் கொட்டும். மினிமூக், ஆர்ப் 2600, வி.சி.எஸ். 3, யமஹா சி.எஸ். 80. “மச்சான், அந்த மெஷின் இருந்தபடியாத்தான் அந்த சவுண்ட் வந்தது, இப்ப இருக்கிற சொஃப்ட்வெயர்ல அது வராது” எண்டு ஒரு முடிவுரை. இயந்திரம் பிறந்த ஆண்டு தெரியும், எந்த நாட்டில் பிறந்தது எண்டும் தெரியும், உள்ளே இருக்கிற ஃபில்டரின் சாதகம்கூடத் தெரியும். அதன் முன்னால் இருந்து வேலை செய்த ஆள் யார் எண்டு கேட்டால் மட்டும் ஆளை ஆள் பார்ப்பார்கள்.

இந்த வரலாறு பிழையானது. அதைவிட, அநியாயமானது. இரண்டையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

சிந்தசைசர் இல்லாத ‘சிந்தசைசர் இசை’

பக்தர்கள் எல்லோரும் கடைசியில் போய்ச் சேர்கிற மூலஸ்தானம் ‘டொக்டர் ஹூ’ தொடரின் தொடக்க இசை. பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23ஆம் திகதி முதல் தடவை ஒளிபரப்பானது. இதைத்தான் சிந்தசைசர் யுகத்தின் தொடக்கம் என்று சொல்லித் திரிகிறார்கள். அதில் ஒரு சிந்தசைசர்கூட இல்லை. கடைக்குப் போய் வாங்கக்கூடிய சிந்தசைசர் என்ற பொருளே அப்போது இருக்கவில்லை. றொபேர்ட் மூக் தன்னுடைய மாதிரியை வெளியே காட்டியதே அடுத்த வருடம், 1964இல்தான்.

பிறகு அந்த ஓசை எங்கிருந்து வந்தது? லண்டனில் மேய்டா வேல் என்ற இடத்தில், ஒரு காலத்தில் ரோலர் ஸ்கேற்றிங் மண்டபமாக இருந்த ஒரு கட்டடம். அதற்குள் 1958இல் பிபிசி ஒரு சின்னப் பிரிவைத் தொடங்கியது. பெயர் ரேடியோபோனிக் வேர்க்ஷொப். அது உருவாக முன்னின்றவர்கள் டஃப்னி ஓரம், டெஸ்மண்ட் பிறிஸ்கோ. வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு வழமையான வாத்தியங்களால் தரமுடியாத ஒலிகளைச் செய்து கொடுப்பது அவர்களின் வேலை. அங்கே இருந்த சாமான்களில் கனக்க மற்றப் பிரிவுகள் கழித்துவிட்டவை. பொறியியலாளர்கள் உபகரணங்களைச் சோதிக்க வைத்திருந்த ஒசிலேற்றர்கள், ஒலிநாடாப் பதிவுக் கருவிகள், பிளேட், ஒட்டுகிற ரேப்.

‘டொக்டர் ஹூ’வுக்கு மெட்டமைத்த ரொன் கிரெயினர் கொடுத்தது ஒரேயொரு தாள். அதில் மெட்டும் பேஸ் வரியும் இருந்தன. மற்ற இடங்களில் ‘காற்றுக் குமிழி’, ‘மேகம்’ என்ற மாதிரியான குறிப்புகள். அந்தத் தாளை வாங்கி ஒலியாக்கியவர் டெலியா டார்பிஷர். அப்போது அவருக்கு 26 வயது. உதவிக்கு டிக் மில்ஸ்.

அவர்கள் செய்ததைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இழுத்துக் கட்டிய ஒரு கம்பியைச் சுண்டி, அந்த ஒரேயொரு ஒலியைப் பதிந்தார்கள். நாடாவை வேகமாக ஓட்டினால் சுரம் ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். இப்படி ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பதிந்து, வேண்டிய நீளத்துக்கு பிளேட்டால் வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினார்கள். நாங்கள் கேட்கிற அந்த ‘டும்-டகடும்’ பேஸ் அதுதான். நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிற நாடா என்றால், கால் நொடிச் சுரத்துக்கு மூன்றே முக்கால் அங்குலத் துண்டு வேண்டும். ஒரு நூல் கூடினாலும் தாளம் தப்பும். மேலே வழுக்கிக்கொண்டு போகிற மெட்டு, ஒசிலேற்றரின் குமிழைக் கையால் திருகி எடுத்தது. இடையில் வருகிற சீறல், வெண் இரைச்சலை வடிகட்டி எடுத்தது.

பல தடங்களில் பதிகிற கருவி அவர்களிடம் இல்லை. ஒவ்வொரு அடுக்கும் தனி நாடா. எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு இன்னொரு நாடாவில் கலந்தார்கள். எங்கேயோ ஒரு சுரம் பொருந்தாமல் நின்றபோது, நாடாக்களை நடைபாதை நீளத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, எந்த ஒட்டு வரிசையில் இல்லை என்று கண்ணால் தேடிப் பிடித்த கதையை மில்ஸ் பிறகு சொல்லியிருக்கிறார்.

இதில் மந்திர இயந்திரம் எங்கே இருக்கிறது? எங்களுக்குத் தெரிகிறது இரண்டு சோடிக் கைகளும் காதுகளும்தான். அதோடு ஒரு மடக்கை அட்டவணை. ஓம், சாதாரண தரக் கணிதத்தில் நாங்கள் சபித்துக்கொண்டே புரட்டிய அதே மடக்கை அட்டவணைதான். டார்பிஷர் அதைக் கையோடு வைத்திருந்து சுரங்களைக் கணக்கிடுவார். ஒரு சுரத்திலிருந்து அடுத்த அரைச்சுரத்துக்குப் போக அதிர்வெண்ணை ஏறத்தாழ 1.0595ஆல் பெருக்க வேண்டும். பன்னிரண்டு தடவை பெருக்கினால் இரட்டிப்பாகும். கல்குலேட்டர் இல்லாத காலத்தில் இதை மடக்கையால்தான் செய்ய முடியும். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் சேர்த்துப் படித்தவர் அவர். ஏ.எல். முடிய “நீ மட்ஸா ஆர்ட்ஸா” எண்டு ஆளைத் தரம் பிரிக்கிற எங்கள் ஊரில், இந்த ஒரு தகவலையாவது சுவரில் எழுதி வைக்கலாம்.

தொடக்க இசையில் மட்டும் இப்படி நடக்கவில்லை. டாடிஸ் என்ற அந்த நீலப் பெட்டி காலத்தைக் கிழித்துக்கொண்டு போகிற ஓசை, பிறையன் ஹொட்ஜ்சன் தன் அம்மாவின் வீட்டுத் திறப்பால் ஒரு பழைய பியானோவின் பேஸ் கம்பிகளை உரசி எடுத்தது. டார்பிஷர் ஒருமுறை அங்கே கிடந்த ஒரு பழைய பச்சை விளக்கு மூடியைத் தட்டி, தட்டுகிற சத்தத்தை வெட்டிவிட்டு, பிறகு வருகிற ரீங்காரத்தை மட்டும் வைத்து இசை செய்தார். 1967இல் சகாரா பாலைவனத்து துவாரெக் மக்களைப் பற்றிய ஒரு ஆவணப்படத்துக்காகச் செய்தது அது. அதே இசை 1970இல் ‘டொக்டர் ஹூ’வின் ஒரு கதையில் வேற்றுலக இசையாகப் போய் உட்கார்ந்தது. திறப்பும் விளக்கு மூடியும். இவற்றுக்கு மொடல் இலக்கம் கிடையாது, அதனால்தான் பக்தர்களின் பட்டியலிலும் இடம் கிடையாது.

இயந்திரம் வந்த பிறகு

“சரி, பிறகு சிந்தசைசர் வந்ததுதானே?” எண்டு கேட்பீர்கள். வந்தது. பீற்றர் சினோவியெஃப், ட்ரிஸ்ட்ரம் கேரி, டேவிட் கொக்கறெல் மூவரும் சேர்ந்து 1969இல் வி.சி.எஸ். 3ஐக் கொண்டுவந்தார்கள். இந்தக் கேரி யார் என்றால், அதற்கு முன்னமே டாலெக்குகள் முதலில் தோன்றிய கதைக்கு மின்னணு இசை செய்தவர். அதாவது இயந்திரம் வந்து அந்த இசையைப் பெற்றெடுக்கவில்லை. அந்த இசையைச் செய்துகொண்டிருந்த ஆள்தான் பிறகு இயந்திரம் செய்யவும் உட்கார்ந்தார். அதே நிறுவனத்தின் பெரிய வடிவமான சிந்தி 100, மேய்டா வேலுக்கு வந்து சேர்ந்தது. கட்டடம் இருந்த வீதியின் பெயரால் அதற்கு ‘டெலவெயர்’ என்று பெயர் வைத்தார்கள்.

1972இல் ஒரு விசயம் நடந்தது. ‘டொக்டர் ஹூ’ தொடக்க இசையை இந்தப் புதிய இயந்திரத்தில் திரும்பச் செய்து பார்த்தார்கள். செய்தவர்களில் டார்பிஷரும் ஹொட்ஜ்சனும் இருந்தார்கள். கைகளும் காதுகளும் அதேதான். இயந்திரமோ அந்தக் காலத்தின் உச்சம். வந்த முடிவு யாருக்கும் திருப்தியாக இல்லை, ஒதுக்கிவிட்டார்கள். பிளேட்டால் வெட்டி ஒட்டிய பழைய வடிவமே சிறுசிறு மாற்றங்களோடு 1980 வரைக்கும் ஓடியது. மெஷின்தான் சவுண்ட் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு சம்பவத்துக்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

சிந்தசைசர் கூடாது என்பது எங்களுடைய வாதம் இல்லை. அதே 1972இல் மல்கம் கிளார்க் அதே டெலவெயரை வைத்து ‘த சீ டெவில்ஸ்’ என்ற கதைக்கு ஒரு இசை செய்தார். கடலுக்குள்ளிருந்து பல்லியும் ஆமையும் கலந்த உருவங்கள் எழும்பி வர, பின்னால் இயந்திரம் கரகரத்துக் கத்தும். இன்றைக்கும் அதைக் கேட்டு முகம் சுழிக்கிறவர்கள் உண்டு. எங்களுக்குப் பிடிக்கும். 1980இல் பீற்றர் ஹவல் சிந்தசைசர்களால் அந்தத் தொடக்க இசையைப் புதிதாகச் செய்தபோது அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. காரணம் இயந்திரம் திருந்திவிட்டது என்பது மட்டுமல்ல. டார்பிஷரின் நாடாவில் ஒவ்வொரு சுரமும் எப்படித் தொடங்குகிறது, எப்படி வழுக்குகிறது என்று அவர் கூர்ந்து கேட்டிருந்தார். கிளார்க்கும் ஹவலும் இயந்திரத்தைக் கும்பிடவில்லை, அதனோடு மல்லுக்கட்டினார்கள். நாங்கள் கேட்பதும் அந்த மல்லுக்கட்டலைப் பற்றிக் கதையுங்கள் என்றுதான்.

தாளில் ஒரு பெயர், நாடாவில் ஒரு கை

இனி அநியாயத்துக்கு வருவம்.

தான் கொடுத்த அந்த ஒற்றைத் தாள் என்னவாக மாறி வந்திருக்கிறது என்று கேட்டதும் ரொன் கிரெயினர் திகைத்துப்போனார். நேர்மையான மனிதர். டார்பிஷரின் பெயரைக் கூட்டு இசையமைப்பாளராகப் போடவும் வருகிற பணத்தில் பங்கு கொடுக்கவும் முயன்றார். பிபிசியின் விதி விடவில்லை. வேர்க்ஷொப்பில் வேலை செய்கிறவர்கள் சம்பள ஊழியர்கள், அவர்களுக்குத் தனிப் பெயர் கிடையாது. திரையில் வந்தது கிரெயினரின் பெயரும் ரேடியோபோனிக் வேர்க்ஷொப் என்ற பிரிவின் பெயரும்.

டார்பிஷர் 1973இல் பிபிசியை விட்டுப் போனார். 2001 யூலையில், 64 வயதில் இறந்தார். அந்த இசைக்காக அவருடைய பெயர் ‘டொக்டர் ஹூ’ திரையில் முதல் தடவை வந்தது 2013இல், ஐம்பதாவது ஆண்டுச் சிறப்புக் கதையில். ஒரு பெயரைத் திரையில் எழுத ஐம்பது வருடம். எழுதியபோது ஆள் இல்லை.

இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடருக்கு இசையமைத்தவர் அலெக்சாண்டர் கறேஜ். அதன் தொடக்கத்தில் உயர்ந்து பாடுகிற ஓசையைக் கனபேர் தெரமின் என்ற மின் வாத்தியம் என்று நினைக்கிறார்கள். அது லூலி ஜீன் நோர்மன் என்ற பாடகியின் குரல். இங்கேயும் ஒரு பெண்ணின் தொண்டையை இயந்திரமாக்கிவிட்டுத்தான் எங்களுக்கு நிம்மதி. இன்னொன்று, தொடரை உருவாக்கிய ஜீன் றொடன்பெரி அந்த மெட்டுக்குப் பாடல் வரிகள் எழுதினார். தொடரில் அந்த வரிகளை ஒருநாளும் ஒருவரும் பாடவில்லை. ஆனால் வரிகள் எழுதியவர் என்ற உரிமையில் இசையின் வருமானத்தில் பாதி அவருக்குப் போனது.

ஒருபக்கம் யாருமே கேட்காத வரிகளுக்குப் பாதிப் பணம். மற்றப்பக்கம் நாங்கள் கேட்கிற ஒவ்வொரு ஒலியையும் கையால் செய்தவருக்கு ஒரு சதமும் இல்லை. இதென்ன ஞாயம்?

“மெட்டு கிரெயினருடையதுதானே, டார்பிஷர் அதை நிறைவேற்றினவர் மட்டும்தானே” என்ற வாதம் வரும். தாளில் ‘மேகம்’ என்று எழுதியிருக்கிறது. மேகத்துக்கு என்ன சுரம்? என்ன நீளம்? அது எப்படித் தொடங்கும், எங்கே கரையும்? இதையெல்லாம் முடிவு செய்கிற வேலைக்குப் பெயர் நிறைவேற்றுவது என்றால், இசையமைப்பது என்றால் என்ன என்று அவர்கள்தான் விளக்க வேண்டும். எழுத்தில் இருப்பது மட்டும்தான் படைப்பு, கையால் செய்வது கூலிவேலை என்ற பார்வை எங்கள் சமூகத்துக்கும் புதிதில்லை. மேசைக்கு முன்னால் இருக்கிறவரும் பட்டறைக்கு முன்னால் இருக்கிறவரும் எங்கே எப்படி வைக்கப்படுகிறார்கள் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடமா?

இதில் பால்நிலையும் இருக்கிறது. பட்டம் முடித்து 1959இல் டார்பிஷர் வேலை கேட்டுப் போன டெக்கா இசைத்தட்டு நிறுவனம், தங்கள் ஒலிப்பதிவுக்கூடத்தில் பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பியது. வேர்க்ஷொப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டஃப்னி ஓரம் அடுத்த வருடமே விலகினார். ஃபிலிம் சுருளில் கோடு வரைந்தால் அதை ஒலியாக மாற்றுகிற ஒரு கருவியைத் தன் வீட்டிலேயே கட்டத் தொடங்கினார். சிந்தசைசர் வரலாறு பேசுகிற எத்தனை பேர் அந்தக் கருவியைப் பட்டியலில் சேர்க்கிறார்கள்? மடலேனா ஃபகந்தீனி, ‘பிளேக்ஸ் செவன்’ தொடருக்கு ஒலிகள் செய்த எலிசபெத் பாக்கர் ஆகிய பெயர்களை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? டெலியாவை மட்டும் தூக்கிப் புதிய தெய்வமாக்கிவிட்டு மற்றவர்களை மறப்பதும் அதே பூசைதான், விக்கிரகம் மட்டும் மாறியிருக்கிறது. டிக் மில்ஸின் பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

‘நாங்கள்’ என்று சொல்கிறபோது

எங்களை மாதிரிக் கூட்டாக இயங்குகிறவர்களிடமிருந்தே ஒரு எதிர்க்கேள்வி வரலாம். “தனிமனிதப் பெயர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? வேர்க்ஷொப் என்ற கூட்டுப் பெயர் போட்டது நல்லதுதானே? கலை கூட்டு உழைப்புத்தானே?”

நல்ல கேள்வி. இந்தக் கட்டுரையையும் ‘நாங்கள்’ என்றுதான் எழுதுகிறோம். ஆனால் இரண்டு வகையான ‘நாங்கள்’ இருக்கிறது. ஒன்று, சேர்ந்து வேலை செய்தவர்கள் தாங்களே கூடிப் பேசி எடுத்துக்கொள்கிற பெயர். மற்றது, மேலே இருக்கிற நிறுவனம் கீழே இருக்கிறவர்களின் பெயர்களை அழித்துவிட்டு அதற்கு மேல் ஒட்டுகிற பெயர். பிபிசி செய்தது இரண்டாவது. அது உண்மையான கூட்டுப் பெயராக இருந்திருந்தால் கிரெயினரின் பெயரும் அதற்குள் கரைந்திருக்க வேண்டும். கரையவில்லை. தாள் எழுதினவர் தனி ஆளாக நின்றார், நாடா வெட்டினவர்கள் மட்டும் கூட்டமானார்கள்.

இது லண்டனில் மட்டும் நடக்கிற சங்கதியும் இல்லை. எங்களில் ஒருத்தி ஒரு குறும்படத்துக்கு மூன்று கிழமை நித்திரை முழிச்சு ஒலி செய்து கொடுத்தாள். திரையிடலுக்கு அடித்த போஸ்டரில் இயக்குநரின் பெயர், ஒளிப்பதிவாளரின் பெயர், மண்டபம் தந்தவரின் பெயர். ஒலிக்கு ‘மற்றும் குழுவினர்’. கேட்டால், “எல்லாம் எங்கட ரீம்தானே” எண்டு பதில். அந்த ‘ரீம்’ என்ற சொல்லுக்குள் யார் யார் காணாமல் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அநேகமாக ஒலி செய்தவர், எடிட் பண்ணியவர், சாப்பாடு ஒழுங்கு செய்தவர். அநேகமாகப் பெண்கள்.

இயந்திர பக்தி யாருக்கு லாபம்

பூசைக்கு ஒரு பொருளாதாரமும் உண்டு. கோர்க் நிறுவனம் 2015இல் ஆர்ப் ஒடிசியைத் திரும்பக் கொண்டுவந்தது. மூக் நிறுவனம் 2016இல் மினிமூக்கைத் திரும்பச் செய்தது. 2025இல் ரேடியோபோனிக் வேர்க்ஷொப்பின் ஒலிகளே ஒரு மென்பொருளாகச் சந்தைக்கு வந்தன. பழைய உறுப்பினர்கள் அதில் பங்குபற்றினார்கள், அது நல்ல விசயம். ஆனால் விற்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியிருப்பது எப்போதும் ஒரே கதை. “இதை வாங்கினால் அந்த ஓசை உன்னுடையது.” ஒரு பொருளைப் பற்றிய கதையை விற்கலாம். பிளேட்டையும் பொறுமையையும் பற்றிய கதையை விற்க ஏலாது.

இந்தக் கதையை எங்கள் ஊரில் இருந்து நம்புவதன் விலை இன்னும் கூட. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு ஒரு சாதாரண மிடி கீபோட்டின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். ‘சாமான் இல்லை, அதனால் செய்யேலாது’ என்று ஒதுங்கிவிட்ட பெடியளையும் பெட்டையளையும் எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தது வறுமை மட்டுமில்லை, இந்தப் பிழையான வரலாறும்தான். கையில் இருக்கிற போனில் ஒலியைப் பதியலாம், வெட்டலாம், வேகத்தை மாற்றலாம், பின்னோக்கி ஓடவிடலாம், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். 1963இல் மேய்டா வேலில் இருந்தவர்கள் நாள் கணக்காகச் செய்த வேலைகளில் பெரும்பகுதியை இலவசச் செயலி ஒன்று நிமிடத்தில் செய்யும். அது செய்யாதது கேட்கிற வேலையை மட்டும்தான். வீட்டில் இருக்கிற எவர்சில்வர் தட்டத்தைத் தட்டிப் பதிந்து, தட்டுகிற சத்தத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கேட்டுப் பாருங்கள். ஜெனரேட்டரின் உறுமலை அரை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். விண்கலம் ஒன்று கிளம்பும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் சின்னன்தான். அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றின் இசையைப் பற்றி எழுதும்போது மொடல் இலக்கத்துக்கு முன்னால் ஆளின் பெயரை எழுதுங்கள். இசையமைத்தவரின் பெயரோடு நிறுத்தாமல் ஒலியைச் செய்தவரின் பெயரையும் தேடுங்கள். இந்தப் பக்கத்தில் வருகிற விமர்சனங்களுக்கும் இதே விதிதான், நாங்கள் தவறினால் கேளுங்கள். குறும்படம் எடுக்கிறவர்கள், அடுத்த போஸ்டரில் ‘மற்றும் குழுவினர்’ என்ற வரியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் பெயர்களை அடியுங்கள். இடம் காணாவிட்டால் எழுத்தைச் சின்னதாக்குங்கள். ஐம்பது வருடம் காத்திருக்க எங்களிடம் யாரும் இல்லை.